பாட்டிலின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை உன் கணவர் வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் செய்தித்தாள் சுற்றிய கண்ணாடி பாட்டில் ஒன்று. "இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார். இரும்புலியூரில் உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் முப்பது வருடமாக மணி பிளான்ட் வளர்ந்ததே, அதே பாட்டில். கொடியை வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டு வெறும் பாட்டிலாகக் கொண்டுவந்திருந்தார். உள்ளே பாசி வாடை மட்டும் போகவில்லை.

அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினேன். எதைக் கையில் கொடுத்தாலும் அடியைத் திருப்பிப் பார்க்கிற புத்தி எனக்கு. உனக்குத் தெரியாததா? அடிப்பாகத்தின் நடுவே சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நெயில் பாலிஷில் வைத்தது. அதை வைத்தவள் நான்.

அந்தப் பொட்டைப் பற்றி உன் கணவர் ஒரு கதை சொன்னார். நீ அவருக்குச் சொன்ன கதை. அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததை நான் என் வாயால் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தவள், ஒரு நாளும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சுற்றுச்சூழலும் கழிவு மேலாண்மையும் என்று நீளமாகப் பெயர் வைத்து அந்த எம்.எஸ்சி. வகுப்பைத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. "குப்பையப் பத்திப் படிக்க காலேஜா? கார்ப்பரேஷன் வண்டி பின்னால போனாலே போதுமே" என்று அப்பா சொன்னார். முதல் நாள் வகுப்பில் உன்னிடம் இதைச் சொன்னபோது நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உங்கள் சர்ச்சில் ஒரு அம்மா, "பாப்பாவுக்கு வேற எதுலயும் இடம் கிடைக்கலியா?" என்று இரக்கப்பட்டு ஜெபமே பண்ணினாராம். அன்றைக்கே நாம் சிநேகிதமாகிவிட்டோம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் நம்பிக்கை வராது. பாலை மோந்து பார்க்காமல் காய்ச்சமாட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேன்டீனில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அன்று நீ எனக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர் வைத்தாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட, "வா சி.ஐ.டி., மாத்திரையெல்லாம் சரியா கீதான்னு செக் பண்ணு" என்று மெட்ராஸ் பாஷையில் கிண்டல் செய்தாய். பேச மூச்சு இல்லாத நேரத்திலும் கிண்டலுக்கு மட்டும் உனக்கு மூச்சு இருந்தது.

இரண்டாம் வருடம் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சி வேலையைக் கொடுத்தார் சார். கிழக்குத் தாம்பரம் தாண்டி ஒரு தெரு. அங்கே சைக்கிள் பாகங்களுக்கும் குழாய்களுக்கும் பளபளப்பாகக் குரோமிய முலாம் பூசுகிற சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த ஏழு வீட்டுக் கிணறுகளில் குரோமியம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் நீ ஒரு பாட்டில், நான் ஒரு பாட்டில் எடுத்துவந்து தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சார் ஏற்றுக்கொள்வார்.

மூன்றாம் கிணறு பட்டறைக்கு நேர் பின்னால் இருந்தது. சரோஜாக்கா வீட்டுக் கிணறு. முதல் நாள் நாம் கயிற்றில் வாளியை இறக்கியபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னாமா, தண்ணிய பாட்டில்ல புட்சிகினு போறீங்க? டாக்டராண்ட காட்டவா?"

"தண்ணிக்கு உடம்பு சரியா இருக்கான்னு பாக்கத்தான்கா" என்றாய் நீ. அவருக்கு உன்னை அந்த நொடியே பிடித்துப்போயிற்று. எனக்கு வாளியின் மேல்தான் கண். அது எதற்கெல்லாம் பயன்பட்ட வாளியோ என்று.

பாட்டில்களை மட்டும் சும்மா விடுவேனா? லேப் அட்டெண்டர் அண்ணா சோப்புத்தூள் போட்டு, பிரஷ் விட்டு, மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைப்பார். நீ அதை அப்படியே எடுத்துக்கொண்டாய். எனக்கு ஒப்பவில்லை. லேப் மூலையில் கண்ணாடித் தொட்டி நிறையக் குரோமிக் ஆசிட் இருக்கும், கருஞ்சிவப்பாக, கெட்டியான கஷாயம்போல. எந்தக் கறையையும் தின்றுவிடும். என் ஏழு பாட்டில்களையும் ஒரு ராத்திரி முழுக்க அதில் ஊறப்போட்டு, அலசி எடுத்தேன். "அண்ணா கழுவினது போதாதா பா?" என்று கேட்டாய். "எனக்குப் போதாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சோதனை எளிதானது. தண்ணீரில் மருந்தை விட வேண்டும். விஷமான வகைக் குரோமியம் இருந்தால் பீட்ரூட் கழுவிய தண்ணீர்போல நிறம் மாறும். என் ஏழு கிணறுகளும் நிறம் மாறின. உன் ஏழும் வெள்ளையாகவே நின்றன. ஒரே கிணறு, ஒரே வாளி, ஒரே மருந்து. அடுத்த வாரமும் அதே கதை.

"எங்கயோ நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு பண்றோம்" என்றாய். அந்த 'ஒருத்தர்' நானாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மதியம் அந்தத் தெருவில் நான் தனியாக இறங்கினேன். உன்னைப் பட்டறை வாசலில் பார்த்தேன். கையில் டிபன் கேரியர். ஒரு ஆள் வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து முதலாளி உனக்குக் கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். நீ சிரித்துப் பேசிக்கொண்டு குடித்தாய். டிபன் கேரியர் வாங்கிய ஆள் உன் அண்ணன் என்பதை மறுநாள் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே பாலிஷ் போடும் வேலை. இரண்டு குழந்தைகள். இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

பிறகென்ன, எல்லாம் பொருந்திவிட்டது. அண்ணன் வேலைக்காக நீ தண்ணீரை மாற்றுகிறாய். கிணற்றடியில் ஒரு பாட்டில் பிடிக்கிறாய், லேப்புக்கு வேறு பாட்டில் கொண்டுவருகிறாய். உன் பையை நீ பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தது, ஒரு நாள் வாந்தி வருகிறது என்று வழியில் இறங்கிக்கொண்டது, எல்லாவற்றுக்கும் எனக்கு அர்த்தம் கிடைத்தது. சந்தேகப்பட ஆரம்பித்தால் தும்மினால்கூடக் காரணம் தெரிந்துவிடும்.

அடுத்த முறை போகும்போது என் கைப்பையில் நெயில் பாலிஷ் இருந்தது. நீ சரோஜாக்காவோடு பேசிக்கொண்டிருந்தாய். அவர் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. நீ அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் உன் மூன்றாம் பாட்டிலைத் தூக்கி, அடியில் ஒரு பொட்டு வைத்து, ஊதிக் காயவிட்டு, இருந்த இடத்தில் வைத்தேன். லேப்புக்கு வந்ததும் நீ கை கழுவப் போன நேரத்தில் திருப்பிப் பார்த்தேன். பொட்டு இருந்தது. நீ பாட்டிலை மாற்றவில்லை.

நியாயமாக அத்தோடு நான் வெட்கப்பட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நானோ, பாட்டிலை மாற்றாவிட்டால் உள்ளே எதையோ கலக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சாரிடம் போய்ச் சொன்னேன். "அவளோட அண்ணன் அந்தப் பட்டறையிலதான் சார் வேலை பாக்கறார். அவ ரிசல்ட்ட நம்ப முடியாது." சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "சரி, கொஞ்ச நாள் அவங்க சாம்பிள் எடுக்க வேணாம்னு சொல்றேன்" என்றார். உன்னிடம் என்ன காரணம் சொல்லி நிறுத்தினாரோ தெரியாது. நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதையும் நான் குற்றம் செய்தவளின் மௌனமாகவே எடுத்துக்கொண்டேன்.

அத்தோடும் விடவில்லை. சரோஜாக்காவிடம் போய், "இந்தத் தண்ணிய குடிக்காதீங்கக்கா, விஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருப் பெண்கள் திரண்டு பட்டறை வாசலில் நின்று கத்தினார்கள். முதலாளி உன் அண்ணனைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சிதானய்யா பாட்டில் தூக்கினு சுத்துது? நாளைலேந்து வராத" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் நீ லேப்புக்கு வந்தாய். கண் வீங்கியிருந்தது. சண்டைக்கு வருகிறாய் என்று நானும் தயாராக நின்றேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று. "டிஸ்டில்டு வாட்டர வெச்சு டெஸ்ட் பண்றியே, அத எதுல ஊத்திப் பண்ற?"

மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒன்றுமே கலக்காத காய்ச்சி வடித்த தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரோடு சேர்த்துச் சோதிப்போமே, அதைத்தான் கேட்டாய். "லேப் ஃபிளாஸ்க்ல" என்றேன்.

"ஒரு வாட்டி உன் பாட்டில்ல ஊத்திப் பாரு பா."

இவ்வளவுதான் சொன்னாய். போய்விட்டாய். இதில் என்ன சூழ்ச்சி என்று இரண்டு நாள் யோசித்தேன். பாட்டிலில் நீயே ஏதாவது தடவி வைத்திருப்பாய் என்றுகூட நினைத்தேன். சனிக்கிழமை மதியம் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் பாட்டில்களை எடுத்தேன். அலமாரியில் வைத்து நானே பூட்டி, நானே சாவி வைத்திருந்த பாட்டில்கள். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, சோதனைக் குழாயில் எடுத்து, மருந்தை விட்டேன்.

மெல்ல மெல்லச் சிவந்தது. ஏழு பாட்டில், ஏழும் சிவந்தன.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அட்டெண்டர் அண்ணா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தவர் எட்டிப் பார்த்தார். "குரோமிக் ஆசிட்ல போட்டது எத்தினி வாட்டி அலசுனாலும் கண்ணாடிய வுட்டுப் போவாதும்மா. நான் கழுவுனது பத்தலன்னு நீங்கதான ஊறப் போட்டீங்க?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எந்த விஷத்தைக் கிணற்றில் தேடினேனோ அதை என் கையாலேயே பாட்டிலில் பூசிக்கொண்டு போயிருக்கிறேன். சோப்புத்தூளை நம்பிய உன் பாட்டில்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. எவரையும் நம்பாத என் பாட்டில்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை உன்னிடம் ஆசிட் விஷயத்தைச் சொன்னேன். நீ என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாய். "சி.ஐ.டி.க்கே அல்வாவா?" என்று சிரித்தாய். சாரிடம் நாம் இருவரும்தான் போனோம். சரோஜாக்காவிடமும் இருவரும்தான் போனோம். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா வெளாட்றியா? ஒரு வாரமா மெயின் ரோட்டு பம்புலேந்து தண்ணி தூக்கினு வந்து இடுப்பு உட்டுபோச்சு. இப்போ நல்ல தண்ணின்றே?"

"தப்பு எங்களுதுதான்கா" என்றாய் நீ. 'எங்களுது' என்றாய். தப்பு என்னுடையது மட்டும் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீ அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

முதலாளியிடம் சார் ஆள் அனுப்பிப் பேசினார். உன் அண்ணன் மறுபடி வேலைக்குப் போனார். நாம் பதினான்கு பாட்டில்களையும் நைட்ரிக் ஆசிட்டில் புதிதாகக் கழுவினோம். அப்போது உன் மூன்றாம் பாட்டிலைத் திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்த்தேன். ஆசிட்டில் ஊறி அந்தப் பொட்டு பாதி உரிந்திருந்தது. மிச்சமும் போய்விடும், யாருக்கும் தெரியாது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியது. மழை விட்டதும் கடைசித் தடவையாகப் போய் எடுத்துவந்தோம். ஆறு கிணறுகள் வெள்ளை. மூன்றாம் கிணறு மட்டும் லேசாக, மிக லேசாக நிறம் மாறியது. என் பாட்டிலிலும் மாறியது. உன் பாட்டிலிலும் மாறியது. பட்டறைக் கழிவை மழை கிணற்றுக்குள் இறக்கிவிட்டிருந்தது.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சோதனை தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். "இன்னொரு வாட்டி பாக்கலாம் பா. மருந்து பழசா இருக்கும்" என்றேன்.

"மூணு வாட்டி பாத்தாச்சு. காலிப் பாட்டிலும் பாத்தாச்சு" என்றாய். நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு நீயே எழுதினாய். உன் கையெழுத்தை முதலில் போட்டாய். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாய்.

"உங்க அண்ணன்?" என்று கேட்டேன்.

"சரோஜாக்கா கிட்ட இன்னிக்கே சொல்லணும். ஏற்கெனவே ஒரு வாட்டி நல்ல தண்ணின்னு சொல்லிட்டு வந்திருக்கோம்" என்றாய். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாய். இந்த முறை சரோஜாக்கா திட்டவில்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ சொல்றியா? அப்போ சர்தான்" என்று வாளியைக் கவிழ்த்து வைத்தார். நான் சொன்னபோது பட்டறை வாசலில் போய்க் கத்தியவர், நீ சொன்னபோது கேள்வியே கேட்காமல் நம்பினார்.

உன் அண்ணனுக்கு வேலை மறுபடி போயிற்று. பட்டறை கழிவுத் தொட்டி கட்டிக்கொள்ளும்வரை மூடிக் கிடந்தது. அவர் நாலைந்து மாதம் வீட்டில் இருந்தபிறகு திருமுடிவாக்கத்தில் வேறு வேலைக்குச் சேர்ந்தார். அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் என்னென்ன பேச்சு நடந்தது என்று நீ ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை.

படிப்பு முடிந்து லேப்பைக் காலி செய்தபோது, "ஒரு பாட்டில் ஞாபகத்துக்கு எடுத்துக்கறேன் அண்ணா" என்று அட்டெண்டரிடம் கேட்டு நீ ஒன்றை எடுத்துப்போனாய். பதினான்கில் எது என்று நான் கவனிக்கவில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் சமையலறை ஜன்னலில் அதைப் பார்த்தபோதுதான் எது என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவேன்; நீ கேக் வெட்ட உள்ளே போவாய்; பாட்டில் எனக்கு எதிரில் இருக்கும். உலகத்தில் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தவளுக்கு அதை மட்டும் திருப்பிப் பார்க்கப் பயம். பொட்டு இருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். சார் உன்னிடம் சொல்லியிருப்பாரோ, நீ எல்லாம் தெரிந்தேதான் என் தட்டில் இரண்டாவது துண்டு கேக்கை வைக்கிறாயோ என்று உன்னையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது வருடம் இப்படியே போயிற்று பா.

இப்போது உன் கணவர் சொன்ன கதை. பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு அவர் சிரித்தார். "இதுக்கு அடியில ஒரு பொட்டு இருக்கும் பாருங்க. காலேஜ்ல நீங்க வெச்சதாமே? 'நாங்க பொட்டு வெச்சுக்க மாட்டோம்னு என் பாட்டிலுக்கு வெச்சு அழகு பாத்தா என் ஃப்ரெண்டு'ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லுவா. வேலைக்காரம்மா இத தேய்க்கப் போனா சத்தம் போடுவா."

நான் தலையாட்டினேன். அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். உன்னைச் சந்தேகப்பட்டேன். உன் பின்னால் வேவு பார்த்தேன். சாரிடம் போட்டுக்கொடுத்தவள் நான்தான். அந்தப் பொட்டு பாசத்தில் வைத்ததில்லை. நீ திருடி என்பதற்கு அத்தாட்சி தேடி வைத்தது. என்னை மன்னித்துவிடு.

இதை எழுதும்போதும் சி.ஐ.டி. புத்தி சும்மா இருக்கவில்லை. அந்தக் கதையை நீ நம்பித்தான் சொன்னாயா என்று தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்குப் பாதி உரிந்துபோன பொட்டு இன்றைக்கு எப்படி முழுசாக இருக்கிறது? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். மேலே பளிச்சென்ற சிவப்பு. அதற்குக் கீழே கொஞ்சம் ஆரஞ்சு கலந்த ஒன்று. அதற்கும் கீழே ரோஸ். எல்லாவற்றுக்கும் அடியில், பாதி வட்டமாக, என் பழைய மெரூன். நகத்துக்குச் சாயம் பூசியே அறியாதவள் நீ. உன் மகளுடைய குப்பியிலிருந்து எடுத்திருப்பாய். உரிய உரிய நீயே வைத்திருக்கிறாய்.

அதை வைத்தது நான் என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. எதற்கு வைத்தேன் என்று தெரியாதவள் பதினான்கில் அந்தப் பாட்டிலையே எடுத்துப்போய், பொட்டை இப்படிக் காப்பாற்றியிருக்கமாட்டாள். உனக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கே தெரியும்.

நான் வேலை பார்த்த லேப்களில் என்னிடம் பயின்ற பெண்கள் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிச் சிரிப்பார்களாம். எந்தத் தண்ணீர் வந்தாலும் நான் முதலில் என் சொந்தப் பாட்டிலில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்துவிட்டுத்தான் அடுத்தவர் கிணற்றுக்குப் போவேன் என்று. வீட்டிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. யார்மேலாவது சுருக்கென்று சந்தேகம் வந்தால், "உன் பாட்டில்ல ஊத்திப் பாரு பா" என்று உன் குரல் கேட்கும். பாதி நேரம் சிவந்துதான் போகிறது.

பாட்டிலை நான் கழுவவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறேன். நான் சுரண்டியதில் பொட்டின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. நேற்று சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட் வரை நடந்துபோய், மெரூன் நிறத்தில் ஒரு குப்பி நெயில் பாலிஷ் வாங்கிவந்தேன். இந்த முறை நீ பார்க்கும்படியாக, பகல் வெளிச்சத்தில் வைக்கிறேன்.